நாலு விளக்கும் எரியுது

குன்னம்,
அக்டோபர் 6

அன்புள்ள பாப்பா வெற்றிச்செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, கம்பெனி பஸ்ஸைத் தவறவிடாமல், காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நலம் என்று எழுதப் போய்ப் பேனா நின்றுவிட்டது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஃபோனில் சொல்ல வழியில்லை. உன் கால் வந்தாலே ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் ஃபோனைத் திறந்து எனக்கு முன்னால் அவள் படிக்கிறாள். அதனால் அவள் சுட்டுக் கொடுத்த முறுக்கு டப்பாவுக்குக் கீழே வைத்து அரியலூரில் கூரியர் போடுகிறேன். இந்தக் காலத்தில், அதுவும் நாற்பத்திரண்டு வயதில், பேப்பரில் கடிதம் எழுதுகிற அப்பா உன் ஹாஸ்டலில் வேறு யாருக்கும் இருக்க மாட்டார். சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி.

நீ ஜூனில் கிளம்பும்போது அம்மா குறட்டை விடுகிறாள், பகலில் தூங்கி வழிகிறாள் என்பதோடு சரி. பிளவுஸ் தைக்கும்போதே கண் அசந்து ஊசி விரலில் ஏறியதை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள், இப்போது சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் திருச்சிக்கு அழைத்துப்போய் ஒரு ராத்திரி தங்கவைத்துச் சோதித்தார்கள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறது என்று டாக்டர் காகிதத்தைக் காட்டினார். எனக்கு எண்ணைப் பார்த்தால்தான் எதுவும் புரியும், அன்றைக்கு அந்த எண்ணை மறுபடி மறுபடி படித்தேன். ஜூலையில் மெஷின் வாங்கினோம். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளி மூச்சுக் குழாய் மூடாமல் வைத்திருக்கும். உன் அம்மா அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தாள். கேலி செய்துகொண்டே போட்டாள், பத்து நாளில் முகமே தெளிந்துவிட்டது. அப்புறம் செப்டம்பரில் நம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் போனது. நல்ல தூக்கத்தில் மெஷின் நின்று, மூச்சு முட்டி எழுந்து, மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டாள். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன், இல்லாவிட்டால் அவள் அதை மறுபடி தொட்டிருக்கவே மாட்டாள். நம் பழைய இன்வெர்ட்டரில் மாட்டினால் அடாப்டர் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுச் சூடாகிறது. பெரம்பலூரில் பேட்டரி கடை நல்லுசாமியிடம் கேட்டேன், எல்லா கரண்டும் கரண்டுதான் சார் என்கிறார். அவரிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் பேட்டரி கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கம்பெனிக்காரனின் கன்வெர்ட்டரையே சென்னையிலிருந்து வரவழைத்து, தனியாக ஒரு லித்தியம் பேட்டரியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பொருத்தினேன். மெஷின் முப்பத்தைந்து வாட்தான் இழுக்கிறது, காற்றை ஈரமாக்கத் தண்ணீர் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டேன், ஒரு ராத்திரிக்குத் தாராளம், இரண்டாவது ராத்திரியையும் ஏறக்குறைய ஓட்டிவிடும். மெயின் சுவிட்சை அணைத்து அணைத்து ஏழு தடவை சோதித்தேன், ஒரு தடவைகூட மெஷின் நிற்கவில்லை. பேட்டரி பெட்டியில் நாலு விளக்கு உண்டு, நாலும் எரிந்தால் முழு சார்ஜ். சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்தேன். நீயாக இருந்தால் ஒயரின் தடிமன் என்ன, ஃபியூஸ் எங்கே என்று கேட்டிருப்பாய். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். அந்தத் திமிரில்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்.

போன புதன்கிழமை ஆயுத பூஜை. எனக்கு நைட் ஷிப்ட். சிமென்ட் பிளான்ட்டில் எங்கள் செக்‌ஷன் பூஜையை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். பக்கத்தில் பொரி பங்கு வைக்கிறார்கள், ஒரே இரைச்சல். பேட்டரியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டேன். "நாலு விளக்கும் எரியுதுங்க" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். காலையில் ஏழு மணிக்கு வண்டியை நிறுத்தினால், வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் கேட்டில் தொங்குகிறது. கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. உள்ளே அவள் ஃபோன் அடிப்பது எனக்குக் கேட்கிறது, எடுக்க ஆள் இல்லை. எதிர்வீட்டு வேம்பு கடப்பாரையே எடுத்து வந்துவிட்டார். பாப்பா, மூவாயிரம் வோல்ட் பேனலைக் கையாளுகிற நான், உள்தாழ்ப்பாள் போட்ட கதவில் சாவியை விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடப்பாரையை வைக்கப் போகும்போது அவளே தாழ்ப்பாளைத் திறந்தாள். முகம் உப்பி, உதடு கறுத்து, கண்ணைத் திறக்க முடியாமல் நின்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்து, விடியும்போதுதான் அசந்திருக்கிறாள். நான் கட்டிலுக்கு ஓடிப் பார்த்தேன், மெஷினைக் காணோம். சாமி அறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு உட்கார்ந்திருக்கிறது. காற்று உள்ளே போகிற ஃபில்டர் மேலேயே வட்டமாகச் சந்தனத்தை அப்பி வைத்திருக்கிறாள். பேட்டரிக்கும் ஒரு பொட்டு. அதில் நாலு விளக்கும் ஜோராக எரிந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி குன்னத்தில் கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை, விசாரித்துவிட்டேன்.

நான் கத்தினேன். எப்படிக் கத்தியிருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேம்பு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "வருசா வருசம் நீங்கதான சொல்லுவீங்க, இன்னிக்கு ஒரு நாள் மெஷினுக்கு ஓய்வு குடு, நாளைக்கு எடுத்துத் தைச்சுக்கன்னு" என்று மட்டும் சொன்னாள். சொன்னேன்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் ஒரு வருஷம்கூட மறு பூஜைக்கு முன்னால் ஊசியில் நூல் கோர்த்ததில்லை. இந்த மெஷினுக்கு அது பொருந்தாது என்று நான் சொல்லியிருந்தால்தானே. சுவரில் ஒட்டிய தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. ரெண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது நானாகவே ஆரம்பித்தேன். பிளான்ட்டில் சூளையை ஆயுத பூஜைக்கு நிறுத்த மாட்டோம், உள்ளே நெருப்பு எரியும், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், ஓடும்போதே பேனலுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துவிடுவோம் என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டுத்தான் நான் பொரி கொண்டுவருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். இதை முன்னாலேயே சொன்னால் வாயா வலிக்கும் என்று கேட்டாள். அப்புறம், அந்தச் சூளை எப்போதுமே நிற்காதா என்று கேட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே பதித்த கல்லை மாற்ற நிறுத்துவோம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "அதுக்கே வருசத்துக்கு ஒரு தடவை லீவு உண்டுல்ல" என்று சொல்லி ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். சிரித்தாளா, மனதில் எதையாவது முடிவு செய்துகொண்டாளா, எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து தூக்கம் எனக்குத்தான் போய்விட்டது.

ஏனென்றால் சூளையை நிறுத்தும் அந்த ஷட்டவுன் இந்தப் பதினாறாம் தேதி தொடங்குகிறது. பன்னிரண்டு நாளும் எனக்கு ராத்திரி வேலை, தீபாவளி உள்பட. சூளைக்குள் இறங்கும்போது ஃபோனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள். தீபாவளிக்கு வேப்பந்தட்டையிலிருந்து உன் மாமா செல்லமுத்து குடும்பத்தோடு வந்து நாலு நாள் தங்குகிறார். ஆள் கூட இருப்பது நல்லதுதானே என்று நீ நினைப்பாய். ஆகஸ்டில் வந்தபோது உன் அத்தை இந்த மாஸ்க்கைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, பைலட் வேலைக்குப் போறீங்களா" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள், ஆனால் அந்த ரெண்டு ராத்திரியும் மெஷினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காலையில் என் ஃபோனில் வரும், அதில் ஆகஸ்டில் ரெண்டு நாளும் போன புதன்கிழமையும் வெறும் சைபராக நிற்கின்றன. காலையில் தெரிந்து என்ன செய்ய. ராத்திரியே தெரிய வேண்டும். அதனால் உனக்கு ஒரு வேலை. பதினாறிலிருந்து தினமும் ஒன்பதரைக்கு நீ அவளைக் கூப்பிடு. மெஷினை முதலில் இழுக்காதே. என்ன தைத்தாய், அத்தை என்ன பலகாரம் செய்தாள் என்று கேள். படுக்கப் போகிறேன் என்பாள், அப்போது, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஃபோனைத் தலையணைப் பக்கத்தில் வைம்மா, காற்றுச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று சொல். பிள்ளைக்காக என்றால் அத்தை முன்னாலேயும் மாட்டிக்கொள்வாள். புஸ்ஸென்று முதலில் ஒரு சீறல் வரும், அது மாஸ்க் உட்காராத சத்தம், அதைக் கேட்டு வைத்துவிடாதே. கொஞ்ச நேரத்தில் அடங்கி, மெல்லிசாக, ஒரே சீராக வரும். அது வந்த பிறகு வை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்காதே, அதை மட்டும் நான் பார்த்துவிட்டேன்.

நேற்று ராத்திரி நானே இதைச் செய்து பார்த்தேன். ஒன்பதரைக்குப் போன் போட்டு, பானு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள், "என்ன, பேட்டரியக் கேக்கலையா." இல்லை, உன்னைத்தான் கேட்கிறேன் என்றேன். கழுத்துக்குக் கீழே வலிக்கிறது, பகலில் தூக்கம் பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி பயமாகத்தான் இருந்தது, உங்களைக் கூப்பிடலாமா என்று ரெண்டு தடவை ஃபோனை எடுத்தேன், திட்டுவீங்க என்று வைத்துவிட்டேன் என்றாள். சரி படு என்றேன். ஃபோனை வைக்காமல் மாஸ்க்கை மாட்டினாள். சீறி, அடங்கி, காற்று வந்தது. ஷிப்ட் ஆட்கள் கூப்பிடும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபில்டர் இங்கே கிடைக்கவில்லை, அங்கே கிடைத்தால் நாலு வாங்கி உடனே அனுப்பு, அளவை முறுக்கு டப்பா மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முறுக்கு எப்படி என்று அம்மாவிடம் தனியாகச் சொல், உப்பு கூடிவிட்டதோ என்று கவலைப்படுகிறாள். நீயும் ராத்திரி கண்விழித்து ஃபோன் பார்க்காமல் நேரத்துக்குத் தூங்கு. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு, நம் குலசாமி உன்கூட இருக்கும். பதினாறாம் தேதி, ஒன்பதரை, மறந்துவிடாதே.

உன் அப்பா,
கலையரசன்