கிணறு நிறைந்த சேதி

செல்லம்,

நாங்கள் இருவரும் நலம். போன விடுமுறையில் "நாங்க அஞ்சு பேரும் வந்தா உங்களுக்குத் தண்ணி பத்தாதுப்பா" என்று சொல்லிவிட்டாய். நியாயம்தான். பத்து வீடு இருந்த குடியிருப்பில் இப்போது முப்பது வீடு. கிணறு மட்டும் அதே ஒன்று. விருந்தாளிகள் தங்கக் கூடாது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் பலகையே மாட்டியிருந்தார்.

உன் அம்மா விடுவாளா? கூட்டத்தில் எழுந்து, "மொட்டைமாடியில விழற மழையெல்லாம் சாக்கடைக்குப் போகுது. அதைக் கிணத்துக்குத் திருப்பினா என்ன?" என்றாள்.

"இதெல்லாம் ஆகிற வேலையாம்மா?" என்று செயலாளர் சிரித்தார். ஆனாலும் எல்லோருமாகச் சேர்ந்து குழாய் இறக்கினோம். தண்ணீரை வடிகட்டும் தொட்டிக்கு உன் அம்மா ஜல்லிகூடச் சுமந்தாள்.

ஒரு வாரமாக விடாத மழை. இன்று காலை எட்டிப் பார்த்தால், தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்! செயலாளர் நனைந்தபடியே சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். பலகையைக் கழற்றியவரும் அவர்தான். "உங்க பேரப்பசங்க எப்ப சார் வர்றாங்க?" என்று வேறு கேட்டார்.

வரச்சொல்லி நான் உன்னை நச்சரிக்க மாட்டேன். உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். உன் அம்மாதான் மத்தியானத்திலிருந்து தலையணைகளுக்கு உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஐந்து தலையணை. எதற்கென்று நானும் கேட்கவில்லை.

முத்தங்களுடன்,
அப்பா