ஒன்பது கொட்டு

அக்கா,

இன்று காலை குளவி கொட்டிய ஒரு பெண்ணை நம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கழுத்தில் கைமருந்தாக அப்பியிருந்த சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது சொல்லித் தொலைக்கிறேன்.

நீங்கள் இருந்தபோது ஒருநாள், இப்படித்தான் சுண்ணாம்பு அப்பி, லிந்துலைப் பக்கத்துத் தேயிலை மலையிலிருந்து கொழுந்து பறிக்கும் சிவகாமியைக் கொண்டுவந்தார்கள். முகத்தையும் கைகளையும் பார்த்து எண்ணினேன். ஒன்பது கொட்டு. புதிதாக வந்திருந்த செயற்கை நுண்ணறிவுச் செயலியில் அதைப் பதிந்தேன். ஆபத்து குறைவு, சில மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றது. நேரமும் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டை எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

வாட்டைக் கூட்டிக்கொண்டிருந்த நீங்கள் கட்டிலருகே நின்றீர்கள்.

"டொக்டர், தலத்துண்ட அவுத்துப் பாத்தீங்களா?"

"மொகத்துலயே தெரியுதே அக்கா."

"கூடக் கயிறு தலய அறுக்காம இருக்க இறுக்கிக் கட்டியிருக்கு இந்தப் புள்ள. குளவி உள்ள பூந்துட்டா வெளிய வர வழியில்ல. கொட்டிக்கிட்டேதான் கெடக்கும்."

ஹட்டன் டவுனில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. துண்டை அவிழ்த்துக் கொண்டையைப் பிரித்தீர்கள். செத்த குளவிகள் தலையணையில் உதிர்ந்தன. தலையில் கொட்டிய இடங்களை நீங்கள் சத்தமாக எண்ண, நான் பதிந்தேன். அறுபத்து மூன்று. செயலியின் பேச்சே மாறிவிட்டது. அரிதாகத் தசையும் சிறுநீரகமும் பழுதாகலாம், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுங்கள் என்றது. பார்த்தால் பால் விடாத பிளேன்டீ நிறம். அப்படி ஒன்றை நான் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தேன். அம்புலன்ஸ் நுவரெலியா போய்ச் சேரும்வரை எனக்கு உயிரே இல்லை. சிவகாமி பிழைத்தாள்.

பிறகு அதிகாரிகள் வந்த கூட்டத்தில், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். செயலிதான் கண்டுபிடித்தது என்றேன். கைதட்டினார்கள். நீங்கள் தேநீர்த் தட்டோடு கதவருகே நின்றிருந்தீர்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல டொக்டர், புள்ள பொழச்சிருச்சில்ல" என்றீர்கள். வெட்கத்தில் தலை குனிந்தே தட்டிலிருந்து தேநீரை எடுத்துக்கொண்டேன்.

இன்று அந்தப் பெண்ணின் கொண்டையை நானே பிரித்தேன். பயிற்சிக்கு வந்திருக்கும் டொக்டர், "செயலி இதைக் கேக்கலையே, யாரு சொன்னாங்க?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அவங்க எந்த ஆஸ்பத்திரி டொக்டர்?"

"இங்கதான் கூட்டிப் பெருக்கினாங்க" என்றேன்.

அன்று கூட்டத்திலேயே அதை உங்கள் காது கேட்கச் சொல்லாத குறை என்னோடுதான் இருக்கும், அக்கா.