தௌவுக்காரியிடம் படித்த இலக்கணம்

அன்பு மகள் வாசிதிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் நாலு பன்றிகளும் சுகம், கடல் கடந்து டப்போ ஊரில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் முதியவர்களும் சுகமாக இருக்க ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், காலுறையை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள். புயலில் பறந்த அடுப்படித் தகரத்தை உன் அப்பா இன்னும் நாளைக்கு நாளைக்கு என்றே மாட்டிக்கொண்டிருக்கிறார், மழை வந்தால் குழம்பு தானாகப் பெருகுகிறது.

பெரிய செய்தி வேறு. நம் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓர் உதவியாள் வேண்டும், ஆங்கில இலக்கணப் பரிட்சையில் முதலாவதாக வருபவருக்குத்தான் வேலை என்று அறிவித்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அந்த வேலைமேல் ஆசை பேயாகப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் நான் சண்டையே போடுவேன், ஆனால் அதில் எது பெயர்ச்சொல் எது வினைச்சொல் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். பரிட்சைக்குப் பெயர் கொடுத்த எங்கள் ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுக்க வந்தவள் புது டீச்சர் கினிசிமெரே, நமக்குத் தௌவு உறவான ஊர்க்காரி. இரண்டு ஊருக்கும் ஒரே மூதாதை என்பதால் ஒருவரையொருவர் எப்படியும் திட்டலாம், கண்ணில் பட்ட சாமானைக் கேட்காமல் தூக்கலாம், கோபப்படுவதுதான் குற்றம், உனக்குத் தெரியாததா. அவள் முதல் நாளே கரும்பலகையில் பெயரடைக்கு உதாரணம் சோம்பேறி உலாமிலா என்றும் வினைச்சொல்லுக்கு உலாமிலா குறட்டை விடுகிறாள் என்றும் எழுதினாள். நான் விடுவேனா, “கினிசிமெரே அழகிதான், ஆனா கண்ணாடிதான் ஒத்துக்க மாட்டேங்குது, அந்த ஆனா இணைப்புச்சொல்” என்றேன். மூன்று மாதம் இப்படியே படித்தோம். அவள் என் இரும்புச் சட்டியைத் தூக்கினாள், நான் அவள் குடையைத் தூக்கினேன்.

பரிட்சைக்கு முந்தின நாள் லாரி நிற்கும் இடத்தில் கினிசிமெரேவின் கூடை கேட்பாரற்று இருந்தது. பார்த்ததும் கை சும்மா இருக்குமா, சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேலே தேங்காய், அடியில் வாய் ஒட்டிய உறை ஒன்று. தேங்காயை எடுத்துக்கொண்டு கூடையை ஓரமாக வைத்தேன். மறுநாள் லம்பாசா டவுனிலிருந்து வந்த அதிகாரி சூர்யதேவ், முன்தினம் லாரியில் டீச்சருக்கு அனுப்பிய கேள்வித்தாள் எங்கே என்று கேட்டபோதுதான் அந்த உறையில் என்ன இருந்தது என்று புரிந்தது. நான்தான் எடுத்தேன் என்று எழுந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர், “தௌவு முறையெல்லாம் எனக்கும் தெரியும்மா, ஆனா கேள்வித்தாள எடுத்தவங்கள எப்படிப் பரிட்சைக்கு விடறது” என்றார். வேலை போனது போகட்டும், ஊர் என்னைத் திருடி என்று சொல்லுமே என்று பயந்துவிட்டேன். கினிசிமெரே எழுந்து, “இவ அதப் படிச்சிருக்க மாட்டா சார், படிக்கிற பழக்கம் இருந்தா மூணு மாசமா நான் ஏன் தொண்ட கிழியக் கத்தறேன்” என்றாள். அவ்வளவு அன்பாக என்னை யாரும் திட்டியதில்லை. வெளியே மரத்தடியில் காத்திருந்த உன் அப்பாவை, உறையை எடுத்துவர வீட்டுக்கு ஓடச் சொன்னோம். அவர் திரும்பி வந்து நீட்டியதைப் பார்த்து அதிகாரி மூக்கைப் பிடித்துக்கொண்டார். காலையில் உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளை விரித்து அதன்மேல் மீன் ஆய்ந்திருக்கிறார் மனுஷன், ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை, முழுக்கச் செதிலும் குடலும்.

தாள் இல்லாததால் எல்லாரையும் வாயாலேயே கேட்பதாக அதிகாரி சொன்னார். என் முறை வந்தது. பதில் எல்லாம் தெரியும், ஆனால் உதாரணம் சொல்ல வாயைத் திறந்தால் கினிசிமெரேவைத் திட்டுவதைத் தவிர ஒன்றும் வரவில்லை. பெயர்ச்சொல், “அவ மூக்கு.” பெயரடை, “அகலமான மூக்கு.” பிரதிப்பெயர், “அது, கூப்பிட்டா அதுவே முதல்ல வரும்.” அதிகாரி குனிந்து எழுதினார், தோள் மட்டும் குலுங்கியது. கடைசியாக, இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை மகளே. “எம்பொண்ணு மூணாவது படிக்கும்போது வினையடைன்னா என்னம்மான்னு கேட்டா. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு விறகு பொறுக்கிட்டு வான்னு அனுப்பினேன். மூணு நாள் கேட்டா, மூணு கட்டு விறகு வந்துச்சு. அப்புறம் அவ எங்கிட்ட எதையுமே கேக்கல” என்றேன். கினிசிமெரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அன்று முழுக்க அவள் என்னைத் திட்டவில்லை.

முதலாவதாக வந்தது நான், வேலை எனக்குத்தான், திங்கட்கிழமை முதல் போகிறேன். விடுமுறைக்கு வரும் தேதியை முன்னதாக எழுது, சேம்பு தோண்டி வைக்க வேண்டும். ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. இன்னொன்று, தாமதத்துக்கு மன்னித்துவிடு. நீ விறகு பொறுக்கினாய், பொறுக்கினாய் என்பது வினைச்சொல். அமைதியாகப் பொறுக்கினாய். அந்த அமைதியாக என்பதுதான் வினையடை.

இப்படிக்கு,
உன் அம்மா உலாமிலா,
சின்னப் பிள்ளைகள் வகுப்பு உதவியாள்