முள் எடுத்த தூதுவளை

செட்டிகுளம்
மார்கழி 6, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நர்மதா எழுதும் கடிதம். இங்கே நானும் அப்பாவும் நர்மதாவும், மாடும் கன்றும்கூட, நன்றாக இருக்கிறோம். பூனாவில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி இதழினியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இந்தப் பனிக்காலத்தைக் கடந்துவிட வேண்டும் என்று மலைமேல் இருக்கிற முருகனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கையில் தோசைக் கரண்டியும் ஒரு கையில் பிள்ளையுமாக நின்று உம் உம் என்கிறாய், வைத்த பிறகு நான் சொன்னதில் பாதி உனக்கு நினைவில்லை. இந்தப் பார்சலில் இருப்பதையெல்லாம் எப்படிச் செய்வது என்று தாளில் இருந்தால் வேண்டும்போது எடுத்துப் பார்ப்பாய். அது ஒன்று. இன்னொன்று, பொங்கலுக்கு இதழினியை அழைத்துக்கொண்டு மூன்று பேரும் வருகிறீர்களா என்று கேட்க வேண்டும், அப்படிக் கேட்பதற்கு முன்னால் போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு வருகிறேன், முதலில் ஊர்ச் சேதி.

இந்த வருடம் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. காலை எட்டு மணி வரை மலையும் தெரிவதில்லை, பெரம்பலூரிலிருந்து வருகிற பஸ்சும் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால்தான் தெரிகிறது. வெங்காயத்துக்குத் திருகல் நோய் வந்துவிடுமோ என்று அப்பா விடிந்ததும் வயலுக்குப் போய் வெங்காயத் தாளைத் தடவித் தடவிப் பார்க்கிறார், பிள்ளைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இதுவரைக்கும் பயிர் நன்றாக இருக்கிறது. தெருவில்தான் எல்லா வீட்டிலும் இருமல். எதிர்வீட்டு அம்மாக்கண்ணு வீட்டில் ஐந்து பேரும் ஒன்றாகத் தும்முகிறார்கள், அவர்கள் தும்மி முடித்தால்தான் நம் வீட்டு டிவியில் என்ன சொல்கிறார்கள் என்பதே காதில் விழுகிறது. நம் வீட்டில் கார்த்திகை தீபத்திலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை. போன வருடம் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படுத்த வீடா இது என்று எனக்கே ஆச்சரியம். 'உங்க வூட்டுக்கு மட்டும் சளி வழி தெரியாமப் போயிடுச்சா மலரு' என்று அம்மாக்கண்ணு வாசலில் நின்று கேட்டாள். கேட்கும்போதே தும்மினாள், நான் இரண்டடி பின்னால் போனேன், அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை கண்ணு, சாப்பாட்டைத்தான் மாற்றினோம். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் கொள்ளு ரசம், மற்ற நாளில் மிளகைக் கொஞ்சம் கூடத் தட்டிப்போட்டு ரசம். காலையில் காபிக்கு முன்னால் ஆளுக்கொரு நெல்லிக்காய். புளிப்பு தாங்காமல் அப்பா முகத்தை வைத்துக்கொள்கிறதைப் பார்த்தால் கன்றுக்குட்டி மிரளுகிறது. சின்ன வெங்காயம் விளைவிக்கிறவர்தான், ஆனால் பச்சை வெங்காயம் வாயில் படாது அவருக்கு. இப்போது மத்தியானம் கம்பங்கூழுக்கு நான்கு வெங்காயம் கடிக்கிறார், கடித்துவிட்டு பஸ்சில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்கிறாராம். ராத்திரி ஒன்பது மணிக்கு டிவியை நிறுத்திவிடுகிறோம், நன்றாகத் தூங்குகிறோம். பனி விலகினதும் வாசலில் அரை மணி நேரம் வெயிலில் நின்றுகொண்டே கீரை ஆய்கிறோம். ஊருக்கு வருகிற நர்ஸம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு நல்லது, செய்யுங்கள் என்றார். ஆனால் கஷாயத்தை நம்பிக் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கக் கூடாது, சின்னப் பிள்ளை என்றால் டாக்டரிடம் உடனே காட்டிவிட வேண்டும், தடுப்பூசி ஒன்றுகூட விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அதை உனக்கும் எழுதச் சொல்கிறேன்.

இதெல்லாம் நான் செய்கிறேன் என்று நினைக்காதே, எல்லாம் நர்மதாதான். இந்த வரியை எழுத அவளுக்கு வெட்கம், பேனாவை உதறி மை வரவில்லை என்கிறாள். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது வீட்டைப் பார்க்க ஒன்பதாவதோடு நின்ற பிள்ளை, யாராவது வாசலுக்கு வந்தால் உள்ளே போய்விடுகிற பிள்ளை. ஆனால் தூதுவளை என்றால் இப்போது தெருவே அவளைத் தேடி வருகிறது. வேலியில் பறித்த இலையை முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி வெயிலுக்கு நேரே பிடித்து, அடிப்பக்கத்து நரம்பில் வளைந்து நிற்கிற முள்ளை அப்பாவின் நகவெட்டியால் எடுக்கிறாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கிறாள். ஒரு முறம் இலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அப்பா நகம் வெட்டுவதற்குத் தனியாக வேறொன்று வாங்கிக்கொண்டார். அம்மாக்கண்ணுவும் ஒரு கூடை இலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'ஏ புள்ள, வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்கிற, இந்த எலய மட்டும் இப்படிக் கொஞ்சுற' என்றாள். நர்மதா சிரித்துக்கொண்டே கூடையை வாங்கி முறத்தில் கொட்டினாள்.

பார்சலில் இருப்பதைச் சொல்கிறேன். பச்சை மூடி டப்பாவில் தூதுவளைப் பொடி. நிழலில் காயவைத்து இடித்து, வெள்ளை வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தது, மாப்பிள்ளை விரலில் தொட்டுப் பார்க்கட்டும், விபூதி மாதிரி இருக்கும். சூடான சோற்றில் நெய் விட்டு உங்களுக்கு அரை ஸ்பூன், பிள்ளைக்கு ஒரு சிட்டிகை, அதுவும் நீயும் மாப்பிள்ளையும் சரி என்றால் மட்டும். சிவப்பு மூடியில் முருங்கையிலைப் பொடி, அடை மாவில் கலந்துவிடு, இதழினிக்குத் தெரியாது. நெல்லிக்காய் உப்பில் போட்டது, பீங்கான் ஜாடிக்கு மாற்று. சின்ன வெங்காயம் இரண்டு கிலோ, அறுத்ததைச் சேர்த்து வைக்கிற நம் பட்டறையில் இருந்தது, வந்ததும் தரையில் பரப்பிக் காற்றாட வை, பையிலேயே வைத்தால் அழுகிவிடும். ஈரத்துணியில் சுற்றியிருப்பது கற்பூரவள்ளிக் கொம்பு, தொட்டியில் ஊன்று, ஒரு மாதத்தில் பால்கனி நிறைந்துவிடும். அந்த இலையைச் சாறு எடுத்துக் கொடுத்தால் உன் மகள் துப்புவாள், நீயும் அந்த வயதில் என் புடவையில்தான் துப்பினாய். கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுக் கொடு, இன்னொன்று கேட்பாள். எண்ணெயில் போட்டால் மருந்தின் குணம் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியாது, பிள்ளை சிரித்துக்கொண்டு சாப்பிடும், அது போதும்.

இனி அந்த விஷயம். போன மார்கழியில் நீங்கள் வந்திருந்தபோது இதழினிக்கு இரண்டு நாளாக மூக்கடைப்பு. தூதுவளைத் துவையலைச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் விட்டுவிடும் என்று நான்தான் நர்மதாவை வேலிக்கு அனுப்பினேன். அன்று சனிக்கிழமை, பராமரிப்பு வேலை என்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். நர்மதா பாதி இலைக்கு முள் எடுத்து முடித்தபோது பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது. மீதியை வந்து எடுத்துவிடுகிறேன், அதுவரைக்கும் அரைத்துவிடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பால் கேனை எடுத்துக்கொண்டு போனாள். மணி எட்டே முக்கால். கரண்ட் போய்விட்டால் அம்மியைக் கழுவி அரைக்க வேண்டுமே என்று எனக்குச் சோம்பல். நெய்யில் வதக்கினால் முள்ளெல்லாம் வெந்துவிடும் என்று நானே நினைத்துக்கொண்டு முறத்தில் இருந்ததை அப்படியே வாணலியில் கொட்டினேன், வதங்குவதற்குள் இறக்கி மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். நர்மதா திரும்பி வந்தபோது சோறு பிசைந்து கிண்ணத்தில் தயாராக இருந்தது. போய்ப் பிள்ளைக்கு ஊட்டு என்றேன். 'முள்ளு எடுத்தாச்சாம்மா' என்று கேட்டாள். 'ஆச்சு' என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பிள்ளை இருமினாள், அழுதாள், மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெரம்பலூரில் டாக்டர் டார்ச் அடித்து, தொண்டையிலிருந்து இரண்டு முள்ளை எடுத்துக் காட்டினார், ஒரு மணி நேரத்தில் பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி விளையாடினாள். அங்கேதான் மாப்பிள்ளை யார் இதைச் செய்தது என்று கேட்டார். ஊட்டியவள் நர்மதா, அவள் கையில் பிள்ளையின் துண்டு இருந்தது. அவளைப் பார்த்து, 'படிக்காத புள்ளைய நம்பிக் கொழந்தைய விட்டது என் தப்பு' என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை முன்னால் தலை குனிய வேண்டுமே என்ற பயம். நர்மதா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், பிறகு துண்டை மடித்துக்கொண்டே நின்றாள், என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து உன் போன் வந்தால் மாட்டைப் பார்க்கிறேன் என்று கொட்டகைக்குப் போய்விடுகிறாள். கூச்சம் என்று நீ நினைத்திருப்பாய். கூச்சம் இல்லை. தீபாவளிக்கு நீ மட்டும் தனியாக வந்துவிட்டுப் போனபோதும் நான் சொல்லவில்லை. வெற்றி, முள் எடுக்காமல் அரைத்தது நான், எடுத்தாச்சு என்று பொய் சொன்னதும் நான்.

இதைச் சொல்ல ஆரம்பித்ததும் நர்மதா பேனாவை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது, திரும்பவும் குடித்தது. வந்து, 'விடும்மா, மாமா ஒன்ன கோவிச்சுக்குவாரு' என்றாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், நீ எழுத மாட்டாய் என்றால் அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு எழுதச் சொல்கிறேன், சாயங்காலத்துக்குள் செட்டிகுளம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றேன். அதற்குப் பயந்துதான் உட்கார்ந்தாள். கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். என்னைத் திட்டவில்லை. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனவர் மூன்று பேருக்கும் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்து, முதல் டம்ளரை நர்மதா கையில் கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட முதல் காபி. சுக்கு அள்ளிப் போட்டிருக்கிறார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் குடித்து முடித்தோம். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நர்மதா சத்தமாகச் சிரித்தாள்.

மாப்பிள்ளை வேலை விட்டு வந்து சாப்பிட்ட பிறகு இந்தக் கடிதத்தை முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டு, என் பேருக்காக எதையும் விட்டுவிடாதே. அவர் கோபப்பட்டால் நியாயம்தான், அது என்மேல் படட்டும். நர்மதாமேல் படக் கூடாது. பொங்கலுக்கு மூன்று பேரும் வாருங்கள். நீங்கள் சொல்லாமல் ஒரு இலையையும் பிள்ளை வாயில் வைக்க மாட்டோம், அவள் அம்மாயி நான் சத்தியமாகச் சொல்லுகிறேன். அந்தச் சமயம் வெங்காயம் அறுவடைக்கு வந்திருக்கும், பனி விலகினதும் அவள் வரப்பில் ஓடட்டும், வெயில் மேலே படட்டும், பசித்து வந்து சாப்பிடட்டும். முருங்கைக்கீரைப் பொரியல் தேங்காய் போட்டு வைக்கிறேன். உடம்புக்குத் தெம்பு வருவதற்கு அதைவிட என்ன வேண்டும்.

பிள்ளைக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் ஈரம் போகத் துவட்டு, வெந்நீரே குடிக்கக் கொடு, வெளியே போய் வந்தால் கை கழுவ வை, தும்மினால் முழங்கையை மடித்து மறைக்கச் சொல்லிக் கொடு. நீ பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மீந்ததைச் சாப்பிடாமல் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். வெங்காயத்தைப் பரப்பி வைக்க மறந்துவிடாதே.

உன் அம்மா,
மலர்கொடி

அக்கா, இது நர்மதா. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு மாடு கறக்கப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். அம்மாவை மாமா திட்டாமல் நீ பார்த்துக்கொள். இந்த ஒரு வருடத்தில் இதழினி எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, பொங்கலுக்குப் பாவாடை தைக்க இடுப்பளவும் உயரமும் வேண்டும். சனிக்கிழமை போன் செய். நான் எடுக்கிறேன்.