விறகுக்கு மீட்டர் கிடையாது

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மா உங்கள் போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்றுதான் தெரியவில்லை. போனில் முழுதாகச் சொல்லி முடிக்க முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வங்கியில் என்னைச் சுற்றுச்சூழல் கடன் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? புகையைக் குறைக்கும் தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் கடன். விண்ணப்பம் செல்போனிலேயே வந்துவிடும். ஒரு மென்பொருள் கரண்ட் பில்லைப் பார்த்துப் பச்சை, சிவப்பு என்று காட்டும். முன்பு மாதக்கணக்கில் இழுத்த வேலை, இப்போது டீ ஆறுவதற்குள் முடிகிறது.

போன மாதம் லாண்டரி நடத்தும் ஒரு அக்கா, வெந்நீருக்கு சோலார் ஹீட்டர் வாங்கக் கடன் கேட்டிருந்தார். சிவப்பு விழுந்தது. ஹீட்டருக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடினால் கரண்ட் பில் கூடுமாம், அதனால் சுற்றுச்சூழலுக்கு லாபமில்லையாம். அவர் அனுப்பிய படத்தில் பாய்லருக்கு மேலே சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. உங்கள் சட்டைக் காலர் ஞாபகம் வந்தது.

கூட்டங்களில் நான் வாய் திறந்ததே இல்லை. இந்த விண்ணப்பம் பேச்சுக்கு வந்த அன்று எழுந்து, “சார், விறகுக்கு மீட்டர் கிடையாது. அவங்க எரிக்கிறது எந்த பில்லுலயும் வராது” என்று சொல்லிவிட்டேன். உனக்கெப்படித் தெரியும் என்று மேனேஜர் கேட்டார். “எங்கப்பா லாண்டரியில பாய்லருக்கு விறகு போடுறவர் சார்” என்றேன். குரல் நடுங்கவில்லை அப்பா. பக்கத்து சீட்டு அக்கா, “வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன், கொட்டிட்டியேடி” என்று என் கையைக் கிள்ளினாள்.

இப்போது விண்ணப்பத்தில், என்ன எரிக்கிறீர்கள் என்று புதிதாக ஒரு கேள்வி இருக்கிறது. ஆபீசில் அதற்கு ‘அப்பா கேள்வி’ என்றே பேர். நேற்று லாண்டரிக்குப் பச்சை விழுந்தது. முன்பு சிவப்பு விழுந்த ஒரு பேக்கரிக்காரருக்கும்தான்.

லாண்டரி அக்கா நன்றி சொல்லப் போன் செய்தார். பேச்சுக்கு நடுவே இருமினார். இருமி முடித்துவிட்டுப் பேசினார். நீங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும், “இரும்மா, முதலாளி கூப்பிடுறார்” என்று சட்டென்று வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள் முதலாளியிடம் இந்தக் கடனைப் பற்றிச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். என் சம்பளம் மூன்று பேருக்குத் தாங்கும். அதுவரை, இருமல் வந்தால் போனை வைத்துவிடாதீர்கள். நான் காத்திருக்கிறேன்.

நீங்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும்,
உங்கள் மகள்