ஜூலையில் விட்ட கண்ணீர்

786
காஜா பேராங், மலாக்கா
18.10.1957

அன்பு மகன் அப்துல் மாலிக்குக்கு வாப்பா ஷம்சுதீன் சலாமும் துஆவும் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், லண்டன் குளிரில் உன் நெஞ்சுச் சளி என்ன ஆச்சோ என்றுதான் கவலை. உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தங்கச்சி ஹஸீனா மலாய்ப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். எனக்குத்தான் நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை, கடையில் சீரகம் கேட்டவருக்குச் சோம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் உன் சினிமாவால்தான், சிரிக்காதே. போன வாரம் முடிவெட்டுகிற மருதமுத்து கடைக்கு ஓடிவந்து, என்னா பாய், வெள்ளைக்காரன் கொடி எறங்குனதுக்கு இப்படித் தேம்பித் தேம்பி அழுதிருக்கீங்க, ஊரே படத்துல பாத்துச்சு லா என்றான். அடப்பாவி, நானாவது சினிமாவிலாவது என்று விரட்டினேன். ஆனால் தெங்கேரா பள்ளிவாசலில் ரெண்டு பேர் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஐம்பத்தாறு வயசுவரை கொட்டகை வாசலை மிதிக்காதவன், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். படத்துக்கு முன்னால் போடுகிற நியூஸ் ரீலில் வெள்ளைக்காரன் கொடி இறங்குகிறது, அடுத்து திரை முழுக்க என் மூஞ்சி, பச்சைப்பிள்ளை மாதிரி அழுகிறது. ஆகஸ்டில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து கொடி இறங்கிய அன்றைக்கு நான் கோலாலம்பூர்ப் பக்கமே போகவில்லையே!

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே முகத்தைக் காட்டி அடுத்துக் கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டினால் ஆளுக்குப் பசி என்பார்கள், வெள்ளைத்துணி போர்த்திய மய்யித்தைக் காட்டினால் துக்கம் என்பார்கள், முகம் மாறவில்லை, பார்க்கிறவன் மனசுதான் முடிச்சுப் போடுகிறது, இதுதான் எடிட்டிங்கில் முதல் பாடம் என்று எழுதியிருந்தாய். வெட்டி ஒட்டுவதைப் படிக்கக் கப்பலேற வேண்டுமா, நம் தையல்கார அலி அக்பர் போதாதா என்று அன்றைக்கு ஏசினேன். இப்போது என் மூஞ்சியையே வெட்டி ஒட்டிவிட்டார்கள்.

இது விளையாட்டில்லை. குடியுரிமைக்கு மனுப் போட்டேன் அல்லவா, நவம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருஷம் இந்த மண்ணில் பிழைத்தவனை வெள்ளைக்காரனுக்காக அழுத ஆள் என்று தள்ளிவிட்டால் உம்மாவையும் ஹஸீனாவையும் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? சந்தோஷத்துல அழுதேன்னு சொல்லிடுங்க நானா, யாரு கேக்கப் போறா என்கிறார் அலி அக்பர். அல்லாஹ் கேட்பானே.

ஆகவே உண்மையைத்தான் சொல்ல வேண்டும், முதலில் உன்னிடம். அந்த முகம் நீ கப்பலேறிய அன்றைக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பிடித்தது. சினிமா படிக்கப் போகிறவனுக்கு என் சலாம் எதற்கு என்று கைகூடக் கொடுக்காமல் நடந்தேனே, வாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று உம்மாவுக்கு எழுதினாயே, நான் போகவில்லையடா. மூட்டை அடுக்குக்குப் பின்னால் கப்பல் நகரும்வரை நின்றேன். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் அதே கப்பலில் ஊர் திரும்புவதைப் பிடிக்க ஒருவன் காமிராவோடு அலைந்தான், என்னையும் பிடித்தது எனக்குத் தெரியாது. ஜூலையில் விட்ட கண்ணீரை ஆகஸ்டில் கொண்டுபோய் ஒட்டிவிட்டான் பாவி.

அந்த எடிட்டிங் சங்கதியை அதிகாரிக்கு விளங்குகிற மாதிரி இங்கிலீஷில் எழுதி, உன் வாத்தியார் கையெழுத்தும் வாங்கி, ஏர்மெயிலில் உடனே அனுப்பு. தேதியை மறந்துவிடாதே, பன்னிரண்டு. தொழுகையை விடாதே, தலையில் தண்ணீரோடு வெளியே போகாதே. நீ படிக்கிற படிப்பில் அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்வானாக.

அந்த ரீல் லண்டனுக்கு வந்தால் நீயும் போய்ப் பார். கொடியைப் பார்க்காதே, என் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். இடது பக்கம், கொஞ்சம் மேலே. நீ அங்கேதான் நின்றாய்.

உன் வாப்பா
ஷம்சுதீன்