பாலென்று நினைத்த மண்

மங்கலம்பேட்டைக்காரியே,

நோன்புக்கு உன் மருமகள் கொடுத்தனுப்பிய கடல்பாசி இனிப்பு, ரோஸ் நிறத்தில் தட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. பல் டாக்டருக்குப் படிக்கும் என் பேத்தி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆயா, விழுந்த பல்லத் திரும்ப வச்சா வீங்குதில்ல, அதக் கொறைக்க கடல்பாசியிலேர்ந்து மருந்து எடுக்க முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க."

எனக்கு உடனே உன் முழங்கைதான் ஞாபகம் வந்தது.

நாம் வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், பொம்மை அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு சூளைப் பக்கம் நீ சட்டென்று திரும்பினாய். என் முன்பல் தரையில் கிடந்தது. "என் கை சும்மாதான் இருந்துச்சி, ஒன் வாய்தான் வந்து மோதுச்சி" என்றாய். வாய் நிறைய ரத்தத்தோடு நான் குனிந்து பல்லைப் பொறுக்கினேன்.

முதலாளி போன் போட்டுக் கேட்டதற்கு, பல்லைப் பாலில் போட்டுச் சீக்கிரம் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நீ பல்லை டம்ளரில் போட்டு எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். டாக்டர் டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பால் இல்லை, பொம்மை அச்சில் ஊற்றக் கரைத்து வைத்திருந்த வெள்ளை மண்.

"ஏம்மா, பல்லு கேட்டா பொம்ம செஞ்சி கொண்டாந்திருக்கீங்க?"

"வெள்ளையா இருந்துச்சி சார். பதட்டத்துல மொண்டுட்டேன்."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பல்லைத் தேய்க்காமல் அலசி மட்டும் எடுத்து, பழைய இடத்தில் செருகிக் கம்பி கட்டினார். "நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

முகம் பூசணிக்காயாக வீங்கியது. பல் நிற்குமா, போகுமா என்று பயந்து கிடந்தேன். நீ தினமும் முதல் பஸ்ஸில் தூக்குவாளி நிறையக் கடல்பாசி கொண்டுவந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பேச வேணாம்டி. முழுங்கு, அது போதும்" என்றாய். முழுங்கினேன். வீக்கம் வடிந்தது, பல்லும் நின்றது.

பேத்தியிடம் பெருமையாகச் சொன்னேன், அந்த ஆராய்ச்சியை நீ எப்போதோ முடித்துவிட்டாய் என்று. "அது வேற, ஆயா. நீ தின்னது வெறும் இனிப்பு" என்றாள். இருக்கட்டும். உன் கையால் தின்ற அருமை அவளுக்கென்ன தெரியும்.

போன வருஷம் கண்ணை மூடும்வரை நீ, "இடிச்சது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்கை உன்னுடையதுதான். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன்.

நேற்று பேத்தி அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்து, "ஆடுது ஆயா, எடுத்துடலாமா?" என்றாள். கையைத் தட்டிவிட்டேன். பல்லும் ஆடுகிறது, உன்மேல் உள்ள கோபமும் ஆடுகிறது. இரண்டையும் பிடுங்க விடுவதாக இல்லை.